எட்டுத் தட்டும் ஒரு தீவும்



'இது இல்லாமல் என்னால் வாழ முடியாது என்று சொல்ல எந்த இசைத்தட்டுகள் உண்டு?' இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தது பிபிசி வானொலி. 1942 ஜனவரியில், குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், ராய் பிளம்லி என்பவர் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆளில்லாத் தீவில் தனியாக ஒதுங்கப்போகிறீர்கள், எட்டு இசைத்தட்டு கொண்டுபோகலாம், எதையெல்லாம் எடுப்பீர்கள்? பிற்பாடு ஒரு புத்தகமும் ஒரு சொகுசுப் பொருளும் உண்டு என்று சலுகை கொடுத்தார்கள். நிகழ்ச்சி இன்றைக்கும் நடக்கிறது.

லண்டன்காரருக்குத் தீவு கற்பனை. நமக்கு அப்படியா? தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தீவு. ஆனால் எந்தத் தீவு என்று யோசித்துத்தான் போக வேண்டும். விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. பவளப்பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியதன் பலன் அது. காரைச்சல்லி தேய்ந்துகொண்டே வருகிறது. வான் தீவைச் செயற்கைப் பாறை போட்டுத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். சரி, நான் வான் தீவுக்குப் போகிறேன். சொகுசுப் பொருளுக்கு ஒரு டப்பா மக்ரூன். அதில் விவாதமே இல்லை.

இப்போது தட்டுக்கு வருவோம். கேட்டது தட்டு, பாட்டு இல்லை. பிடித்த பாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது வேறு, ஒரு தட்டை முழுதாக ஏற்றுக்கொள்வது வேறு. முத்துக்குளிப்பு நடந்த நாளில் சலாபத்துக் கரையில் என்ன நடக்கும்? சிப்பியை வாய் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கேசட் காலத்தில் நாமும் அப்படித்தான் வாங்கினோம். ஒரு பாட்டுக்காக வாங்குவோம். ஆறு மாதம் கழித்து, வேண்டாம் என்று ஓட்டிவிட்ட பி பக்கத்துப் பாட்டு நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். பொறுக்கி எடுத்த பாட்டு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது. நாம் கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பது முழுத் தட்டு. தனித் தீவில் காலம் தள்ள அதுதான் உதவும்.

முதல் தட்டு, 'கப்பலோட்டிய தமிழன்'. 1961. நம் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஆண்டும் அதுவே. பந்துலு எடுத்த அந்தப் படத்துக்குப் பாட்டெழுதச் சினிமாக் கவிஞரைத் தேடவில்லை. பாரதி எழுதி வைத்ததையே எடுத்து ஜி. ராமநாதன் மெட்டமைத்தார். பாரதி பாட்டைத் தட்டில் பதியும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் கையில் இருந்தது. 1949இல் அது சென்னை மாகாண அரசின் கைக்கு வந்து, பிற்பாடுதான் பொதுச்சொத்து ஆயிற்று. இல்லையென்றால் இந்தத் தட்டு ஏது? படம் அன்றைக்குச் சரியாக ஓடவில்லை. சுதேசிக் கப்பலையும்தான் ஓடவிடவில்லை! ஆனால் சீர்காழி, டி.எம்.எஸ்., திருச்சி லோகநாதன் குரல்கள் அறுபது ஆண்டு தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரில் பிறந்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போனால், வான் தீவுக்குக் கொண்டுபோய் விடுகிற தோணிக்காரரே என்னை நடுக்கடலில் இறக்கிவிடுவார்.

இரண்டாவது, காருகுறிச்சி அருணாசலம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர், கோவில்பட்டியில் வாழ்ந்தவர், அங்கே சிலையாகவும் நிற்கிறார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அந்த நாதஸ்வரம் போட்டி போட்டதை எல்லோரும் சொல்வார்கள். 1962இல் வந்தது, 1964இல் அவர் இல்லை, வயது 43கூட நிறையவில்லை. நான் கொண்டுபோவது அந்தச் சினிமாப் பாட்டை இல்லை. அவருடைய கச்சேரிப் பதிவு, ராகம் விரிந்து விரிந்து போகிற பதிவு. அவசரமில்லாத இடத்துக்குத்தானே போகிறேன்?

மூன்றாவதில் என் சட்டத்தை நானே மீறுகிறேன். ஜே.பி. சந்திரபாபு. 1927இல் இதே தூத்துக்குடியில் பிறந்தவர், கொழும்பில் வளர்ந்தவர். சிரிப்பு நடிகர் என்று ஒரு மூலையில் வைத்துவிட்டோம். 1954இல் 'பெண்' படத்தில் வாயசைத்தவர் வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர், பாடியவர் சந்திரபாபு. ஒரு வித்வானுக்கே குரல் கொடுத்த மனிதர்! மேல்நாட்டு யோடலிங்கைத் தொண்டையில் உருட்டி உருட்டித் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் பாட்டுகள் படத்துக்கு ஒன்று, இரண்டு என்று சிதறிக் கிடக்கும். அதனால்தான் நம் ஆட்கள் ரெக்கார்டிங் சென்டருக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போனார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று கடைவாசலிலேயே சண்டை. கொழும்பில் வளர்ந்த அந்தக் குரல் இலங்கை வானொலி வழியாகக் கொழும்பிலிருந்தே கடல் தாண்டி இந்த ஊர் வீடுகளுக்குள் திரும்பி வந்தது. அந்தக் கேசட் ஒன்று எனக்கு வேண்டும்.

நான்காவது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாஹுக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கியது, 1986இல் வந்தது. வார்த்தை இல்லாத தட்டு ஒன்று கைவசம் இருப்பது நல்லது; தனியாக இருப்பவனுக்குச் சில நாள் வார்த்தையே பிடிக்காது.

எம்.எஸ். சுப்புலட்சுமி எங்கே என்று முன்வரிசை அக்கா கேட்பது தெரிகிறது. சுப்ரபாதத்தை நான் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? எந்தத் தீவிலிருந்தாலும் விடியற்காலையில் அது காற்றோடு வந்துசேரும்!

ஒரு புத்தகம் உண்டே, அதற்கு எட்டயபுரம் போகிறேன். அந்த ஊர்க்காரர் பாரதிக்காக இல்லை, அவரைத்தான் முதல் தட்டிலேயே எடுத்துவிட்டேன். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர் அது. அங்கிருந்து 1904இல் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. ஒலிப்பதிவு பரவாத காலத்தில் தீட்சிதர் பரம்பரையின் பாட்டுகளை ஸ்வரமாக எழுதி வைத்தார். தெலுங்கு எழுத்தில் அச்சான புத்தகம். தீவில் நேரம் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம்.

எட்டில் நான்குதான் ஆயிற்று. ஐந்தாவது எது என்று தெரியும்; என் பெட்டியில்தான் அது இல்லை. கரைவலை இழுக்கும்போது இந்தக் கரையில் பாடிய அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றில் கை வைத்த அத்தனை பேரும் திருப்பிச் சொல்ல, அந்த மூச்சில் வலை ஏறும். என்ஜின் வந்த பிறகு பாட்டுக்கு வேலை குறைந்தது. தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அம்பா தெரிந்த பெரியவர் இருந்தால், கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். சம்மதம் கேட்டு, கைபேசியில் பதியுங்கள். நல்ல இடத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் இருமல், சிரிப்பு, மறந்துபோன அடி எல்லாவற்றோடும் முழுதாகப் பதியுங்கள். யார் பாடினார், எந்த ஊர், எந்த வேலைக்கு என்று ஒரு தாளில் எழுதி மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறே போங்கள், அண்ணாச்சி.