தலைக்காயமும் மதுமயக்கமும்

மதுவை இல்லத்துள் நுழையவிடாத மரபினர் நாம். ஆயினும், குடித்து வீழ்ந்து தலையில் அடிபட்டவனைக் கண்டால், "போதை தெளிந்தால் எழுந்துவிடுவான்" என்று கடந்து செல்லும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அச்சொல் ஓர் உயிரைப் போக்கிவிடக்கூடும் என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

அடிபட்ட நொடியோடு மூளையணுக்களின் அழிவு நின்றுவிடுவதில்லை. பல மணி நேரம், சிலவேளை பல நாள் தொடர்கின்றது. சிதைந்த நரம்பணுக்களினின்று குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக வெளிப்படும். அதனால் தூண்டப்பெற்ற அண்டை அணுக்களுள் கால்சியம் பெருகிப் புக, அவையும் மடியும். மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து இடந்தராது. உள்ளழுத்தம் ஏறிக் குருதியோட்டம் குறையும்.

உடலெடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் கொள்ளும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகின்றது. மது மிகுந்தால் மூச்சுத் தளரும்; வாந்தி மூச்சுக்குழலை அடைக்கலாம்; குருதி உறையும் ஆற்றலும் குன்றும். பிழைத்திருக்கக்கூடிய அணுக்களும் ஆக்சிஜனின்றி மடியும். நெடுநாள் குடித்தவர்க்கு மூளை சுருங்கி, அதன் மேற்பரப்பினின்று செல்லும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிற்றடியிலும் அவை அறுந்து கசியலாம். அறிகுறி தோன்றச் சில வாரங்களும் ஆகலாம்.

கண்திறப்பு, பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றால் நினைவுநிலையை அளக்கும் முறையைக் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974இல் வெளியிட்டனர். இன்று அம்முறையில் 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகின்றனர். போதையும் அம்மதிப்பெண்ணைக் குறைக்கும்; மூளையில் குருதிக்கசிவும் குறைக்கும். இரண்டையும் கண்ணால் மட்டும் கண்டு பிரித்தறிதல் மருத்துவர்க்கே அரிது. ஸ்கேன் படம் வேண்டும். அவ்வாறிருக்கத் தெருவில் நின்று நாம் தீர்ப்பளிப்பது எங்ஙனம்?

ஆதலின், அத்தகையோரைக் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். வாயில் நீரோ மோரோ ஊற்றாதீர்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்புங்கள். தனியே உறங்கவிட்டு அகலாதீர்கள். குடித்திருந்தமையையும் வீழ்ந்த நேரத்தையும் மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கின்றது, அஞ்ச வேண்டுவதில்லை.

மதுவை விலக்குதல் நம் விரதம். வீழ்ந்தவனை விலக்குதல் விரதமாகாது.