தச்சு வேலைக்கு ஜாதி எதற்கு?

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



வீடு கட்டும் தச்சு வேலை கற்க வரும் வாலிபனை நம்மவர்கள் முதலாவதாகக் கேட்பது, "நீ என்ன ஜாதி?" என்பதேயாகும். உளியும் இழைப்புளியும் பிடிப்பவன் கைக்குக் கட்டுப்படுமா, அல்லது அவன் பாட்டன் பெயருக்குக் கட்டுப்படுமா என்று நாம் கேட்கின்றோம். ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. இதற்கு மந்திரமும் வேண்டாம், கோத்திரமும் வேண்டாம்.

நிலை வைக்க நாள் பார்க்கின்றோம். ஆறு மாதத்தில் கதவு கோணிக்கொண்டால் முகூர்த்தத்தின் மேல் பழி போடுகின்றோம். உண்மை என்ன? மரம் ஈரம் காயக் காய அகலத்தில் சுருங்குகிறது. நீளத்தில் அநேகமாய்ச் சுருங்குவதில்லை. பச்சை மரத்தில் செய்த கதவை எந்த முகூர்த்தம் காப்பாற்றும்? நன்றாய் உலர்ந்த மரத்தை ஒழுங்காய் இழைத்து, எமகண்டத்தில் மாட்டினாலும் அது சரியாய்ச் சாத்தும்.

இன்னும் பெரிய சங்கதி, கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடிப்பது. சாதாரண சிமெண்டில், 4.5 மீட்டர் வரை தாங்கல் இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாளும் நிற்க வேண்டுமென்று 2000-ம் வருஷத்திய ஐ.எஸ். 456 விதி சொல்லுகிறது. அவசரப்பட்டு முட்டைப் பிடுங்கினால் சாகிறவன் கீழே நிற்கும் தொழிலாளி. வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் அவனைப் பிழைக்க வைக்குமா?

1953-ல் ராஜாஜி மந்திரிசபை, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கவேண்டுமென்று திட்டம் போட்டது. கிளர்ச்சி மூண்டு 1954-ல் அது ஒழிந்தது. நாம் எதிர்த்தது தச்சுத் தொழிலையல்ல. தச்சன் மகன் தச்சனாகவே கிடக்கவேண்டும், மற்றவன் அதைத் தொடக்கூடாது என்ற அயோக்கியத்தனத்தையே.

ஆகவே, வாலிபர்களே! இன்று அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு கற்றுக்கொடுக்கப்படுகிறது. ஆணும் போகலாம், பெண்ணும் போகலாம். ஆனால் எடுபிடி வேலையோடு நின்றுவிடாதீர்கள். வரைபடம் வாசிக்கவும், மரக் கணக்குப் போடவும், கூலியை எழுதி வாங்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குத் தெரியாத தச்சன் கடைசிவரை மேஸ்திரிக்கு அடிமையே. எந்த வேலையையும் ஏன் அப்படிச் செய்யவேண்டுமென்று கேளுங்கள். "பரம்பரை வழக்கம்" என்று ஒருவன் பதில் சொன்னால், அவனை விட்டுவிட்டு ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். அது யாருக்காகவும் பொய் சொல்லாது.