மண் வாங்கும் முன் மனம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதன்முதலாக இடம் வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எந்த ஊரில் விலை ஏறும் என்று கேட்க வந்தவர்கள் மன்னிக்கணும். அந்த ஜோசியம் என்னிடம் இல்லை. நான் பேச வந்தது வாங்குகிறவரின் மனசைப் பற்றி. கை நிறையப் பணம் இருந்தும் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. சிறுகச் சேர்த்து நல்ல இடமாக வாங்கியவர்களும் உண்டு. இருவருக்கும் நடுவே நான் பார்த்த வித்தியாசம் இரண்டே குணம்தான். ஒன்று, கேட்கக் கூச்சப்படாமை. மற்றொன்று, காத்திருக்கும் பொறுமை.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பசுமையே ஒரு நிலப்பத்திரத்தின் மேல்தான் நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் அரசும் குத்தகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். ஆற்றுப் படுகையின் மிக ஆழமான இடத்திலிருந்து 155 அடி உயரம் வரையுள்ள நிலம் என்று எல்லையும் எழுதினார்கள். அதன் பிறகே வேலை தொடங்கி, 1895இல் அணை திறக்கப்பட்டது. அரசாங்கங்களே இப்படி அடி அளந்து எழுதிக்கொண்டபோது, நாம் மூன்று சென்ட் மனைக்கு நாலு மூலைக் கல்லை மட்டும் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஆனால் கொடுக்கிறோம். ஏன்? இடத்தைக் காட்டுகிறவர் தாய்மாமனாகவோ கூடப் படித்தவராகவோ இருப்பார். மூலப்பத்திரம் கேட்டா கோவிச்சுக்குவாரோ என்று வாய் வராது. "மாமா, உங்க மேல சந்தேகம் இல்லை, பத்திரத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? பூர்வீகச் சொத்து என்றால் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா? 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்துவிட்டது. சின்னமனூரில் கட்டிக்கொடுத்த அக்காவை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பின்னாளில் கோர்ட்டில் நிற்கும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவாகாத உரிமை எதுவும் அதில் தெரியாது. பாதை வரைபடத்தில் இருக்கிறதா, விற்கிறவர் வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அனுமதியும் அப்படித்தான். வயலைத் துண்டு போட்டு விற்ற மனைகளை ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகே பலருக்கு மூச்சு வந்தது. இப்போது 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை.

இனி பொறுமை. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. "அகலப்பாதை இதோ வருது, இப்ப விட்டா போயிடும்" என்ற பேச்சு ஊரெங்கும் கிளம்பியது. ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். வந்த செய்தி பொய்யில்லை, வந்து சேரப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆனது! சொந்தப் பணத்தில் வாங்கியவர் நிம்மதியாகக் காத்திருந்தார். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டவருக்கு, நாலே வருஷம் இரண்டு மாதத்தில் வட்டி மட்டுமே அசலைத் தொட்டுவிடும். அவர் எங்கே காத்திருப்பது?

கணக்கு இன்னொன்றும் உண்டு. இன்று கிரயத்துக்குப் பொதுவாக முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் முதல் நாளே போய்விடும். ஆறு மாதத்தில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தம்பி தங்கைகளே, முதல் சம்பளத்தில் மனை வாங்க ஓட வேண்டாம். லீவு நாளில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தையே எடுத்து, சர்வே எண், நான்கெல்லை, பட்டா மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். அவ்வளவும் புரிந்தால் நாளைக்கு அடுத்தவர் பத்திரத்தைக் கேட்க வாய் வரும். இடம் வாங்குவதில் பெரும்பாலோர் போடுவது வீட்டின் பாதி ஆயுள் சேமிப்பு. அதை ஒரு மத்தியானப் பேச்சில் கொடுத்துவிடக் கூடாது. "இது வேண்டாம்" என்று சொல்லி வெறுங்கையோடு திரும்பி வருவதும் நல்ல முதலீடுதான்.