பெயர் பதில் சொல்ல வேண்டுமா?



நூலகர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். இருக்கும், 2007 முதல் 13 இலக்கம். அந்த எண் உங்களை எந்த அலமாரிக்கும் அழைத்துப் போகாது. ஆனால் பதிப்பகம் மூடினாலும் அந்தப் பதிப்பைத்தான் குறிக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெயரின் வேலை. பொருளிடம் கொண்டு சேர்ப்பது வேறு வேலை.

இணையம் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. இணைய முகவரிதான் பெயர். சர்வர் இடம் மாறினால் பெயரும் போயிற்று. 1997இல் யு.ஆர்.என். முறைக்கு இலக்கணம் எழுதியவர்கள் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்கள்: இடத்தைச் சொல்லாத, நிலைத்த பெயர். மறு ஆண்டே, வைய விரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார். குற்றம் முகவரியுடையதல்ல, அதை மாற்றுகிறவர்களுடையது என்பது அவர் கட்சி.

நடைமுறை இரு தரப்பையும் பார்த்துச் சிரித்தது. ஒரு கோப்பு எந்த வகை என்று அறிவிக்க அதன் தலைப்பில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முகவரி ஒன்றை எழுதும் வழக்கம் உண்டு. அது அடையாளம் மட்டுமே. திறந்து பார்க்கத் தேவையில்லை. ஆனால் 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கும் எதைக் கண்டாலும் மென்பொருள் கதவைத் தட்டிவிடுகிறது. ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாக 2008இல் அந்த அமைப்பே புலம்பியது. கதவு போல வரைந்துவிட்டுத் தட்டாதே என்றால் யார் கேட்பார்கள்?

ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழங்கும் டி.ஓ.ஐ. எண் நடுவழி. எண் மாறாது, அது காட்டும் முகவரியைப் பதிப்பாளர் மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015 ஜனவரியில் doi.org என்ற டொமைனை ஆண்டுதோறும் கையால் புதுப்பிக்கும் வேலையில் ஒரு தவறு நேர்ந்தது. அடுத்த 48 மணி நேரத்தில் ஒரு கட்டத்தில் பாதி வரை இணைப்புகள் முறிந்தன. 'நிலைத்த' என்ற அடைமொழிக்குப் பின்னால் ஒரு புதுப்பிப்புக் கட்டணமும் அதைக் கட்ட வேண்டிய ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் கட்டுரைகளின் எண்கள் மாறவில்லை, மேற்கோள்களும் பிழையாகவில்லை. வழிதான் அடைபட்டது.

ஆகவே, பெயர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் சொடுக்கத்தக்க வடிவில் அதைக் கொடுத்தவருக்குக் கடன் உண்டு. அந்தக் கடன் பொருளைத் தருவதல்ல. அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்வது. தரவு ஆவணகங்கள் இதைச் செய்கின்றன: நீக்கிய தொகுப்பின் எண்ணைச் சொடுக்கினால் தலைப்பு, ஆசிரியர், நீக்கிய காரணம் தாங்கிய பக்கம் வரும். இணைய நெறிமுறையிலும் இடம் இருக்கிறது. 404 என்றால் கிடைக்கவில்லை; 410 என்றால் இருந்தது, எடுத்துவிட்டோம். 410 அனுப்ப, எடுத்ததை யாராவது பதிந்து வைத்திருக்க வேண்டும். பேரேடு எழுதும் அந்த வேலைக்குத்தான் பல நிறுவனங்களில் ஆள் இல்லை.