வானொலிப் பயிற்சியாளருக்கு ஒரு தந்திச் சாவி

நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. ஆயினும் மோர்ஸ் ஒலி வானில் ஓய்ந்துவிடவில்லை. அமெச்சூர் வானொலியாளர் அதனைப் பேணி வருகின்றனர். இது வெறும் பழமைப் பற்று அன்று. குரலை அனுப்பச் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். ஆற்றல் குறுகிய இடத்தில் திரள்வதால், குரல் இரைச்சலில் மூழ்கும் வேளையிலும் புள்ளியும் கோடும் தெளிவாகக் கேட்கும். தமிழர் பலர் வாழும் அந்தமானை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர் வாயிலாக உற்றார் நலம் அறிந்தோர் பலர். இக்கலையைக் கற்றோர் பெருகுவது நாட்டுக்கு நலம்.

தந்தி அலுவலகத்துப் பழைய சாவி மேலும் கீழும் அசைவது. புள்ளி, கோடு ஆகியவற்றின் கால அளவைக் கையே நிர்ணயிக்கும். இன்று பலரும் விரும்பும் 'பேடில்' இரண்டு தகடுகளை உடையது. ஒன்றை அழுத்தினால் புள்ளிகள், மற்றதை அழுத்தினால் கோடுகள். கால அளவை 'கீயர்' என்னும் மின்னணுச் சுற்று கவனித்துக்கொள்ளும். கோடு மூன்று புள்ளி நீளம். எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு புள்ளி நேரம் இடைவெளி. நிமிடத்திற்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளி பத்தில் ஒரு விநாடி.

விலை கொடுத்து வாங்க இயலாதோர் இதனை வீட்டிலேயே செய்யலாம். 12 அங்குல ஹாக்ஸா பிளேடு ஒன்றைத் துணியால் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, இரு நுனிகளிலிருந்தும் 4 அங்குலத் துண்டுகளாக ஒடித்துக்கொள்க. நுனியில் துளை இருப்பதால் துளையிடும் தொல்லை இல்லை. பற்களைத் தேய்த்து மழுக்கி, தொடுமிடங்களின் வண்ணப்பூச்சை உப்புத்தாளால் அகற்றுக.

கனமான பலகையின் பின்புறம் ஓர் அங்குல அகலமுள்ள மரக்கட்டையைப் பதித்து, அதன் இரு பக்கங்களிலும் தகடுகளைக் குறுகிய திருகாணியால் பொருத்துக. இரு திருகாணிகளும் உள்ளே ஒன்றையொன்று தொடலாகாது. தகடு சுழலாதிருக்க, மேலே சிறு மரத்துண்டை வைத்து முடுக்குக. தகடுகளுக்கு நடுவே, சற்று முன்னே, பித்தளைக் கோணத் தகட்டை நிறுத்தி, அதில் மரையிட்ட பித்தளைத் தண்டைக் குறுக்கே செலுத்துக. தண்டின் இரு முனை மரைகளையும் திருகி, தகட்டுக்கும் மரைக்கும் இடையே ஒரு தபால் அட்டையின் கனம் மட்டும் இடைவெளி விடுக. விரல் படும் முனைகளில் பழைய பிளாஸ்டிக் அடிகோலின் துண்டுகளை ஒட்டுக.

மூன்று கம்பிகள் போதும்: இடத் தகட்டிலிருந்து புள்ளிக்கு, வலத் தகட்டிலிருந்து கோட்டுக்கு, நடுத் தண்டிலிருந்து பொது இணைப்புக்கு. வலக்கையாளருக்குக் கட்டைவிரல் புள்ளியையும் ஆள்காட்டி விரல் கோட்டையும் இயக்கும். அழுத்தும்போது பலகை நகர்ந்தால், அடியில் இரும்புத் துண்டொன்றைச் சேர்க்க.

உரிமமின்றி அலைபரப்புதல் குற்றம். வீட்டில் ஒலிப்பானைக் கொண்டு பயில்வதற்கு உரிமம் வேண்டுவதில்லை. அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு. 'க்யூ.டி.ஹெச்.' என்றால் இருப்பிடம், '73' என்றால் நல்வாழ்த்து என்பதை வங்காளியும் அறிவார், பஞ்சாபியும் அறிவார். அண்டை வீட்டாரின் மொழி இன்னும் கைவராதவரும், இக்குறிகளால் அவரோடு வானில் உரையாடலாம்.