துப்புத் துலங்கிய பின்னர்



அண்மையில் அடுத்தடுத்து வாசித்த இரு ஆங்கில நாவல்களைப் பற்றிச் சில வார்த்தைகள். முடிவையும் சொல்லவேண்டியுள்ளது, பொறுத்தருள்க.

முதலாவது, 1926இல் வெளிவந்த அகதா கிறிஸ்ரியின் 'றோஜர் அக்றொய்ட் கொலை'. கதை சொல்பவர் கிராமத்து வைத்தியர். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாது நழுவுகிறார். கொலையாளி அவரே! மீள வாசித்தால் தடயங்கள் யாவும் நம் கண்முன்னே கிடக்கின்றன.

மற்றது, மார்க் ஹடனின் 'இரவில் நாய்க்கு நேர்ந்த விசித்திரச் சம்பவம்'. 2003இல் சிறுவர்க்கும் பெரியோர்க்குமாக இரு பதிப்புகளில் வெளிவந்தது. 15 வயதுக் கிறிஸ்தோபர் கணிதத்தில் வல்லவன். பிறர் முகக்குறிப்பை விளங்கிக்கொள்ள இயலாதவன். பொய் சொல்லத் தெரியாதவன். அயல்வீட்டு நாயைக் கொன்றது யார் என்று ஷெர்லக் ஹோம்ஸைப்போலத் தேடப் புறப்படுகிறான். கொன்றவர் தந்தையே. இறந்துவிட்டாளென அவர் கூறிய தாயும் லண்டனில் உயிரோடிருக்கிறாள்.

கொலையாளி அகப்பட்டதும் கிறிஸ்ரியின் கதை நிறைவுறுகிறது. ஹடனின் கதையோ அதன் பின்னரும் நெடுந்தூரம் செல்கிறது. பொய் சொன்ன தந்தையோடு ஒரே கூரையின்கீழ் இனி எவ்வாறு வாழ்வது? அவர் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்து, இழந்த நம்பிக்கையைச் சிறிது சிறிதாக மீட்க முயல்கிறார். மர்ம நாவல் இளையோர் இலக்கியமாக உயர்வது இவ்விடத்திலேதான்.

மேசைக்கடியில் மர்ம நாவல் படித்த மாணவரிடமிருந்து புத்தகத்தைப் பறித்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். இனிப் பறிக்கமாட்டேன். கொலையாளி யாரென்று கேட்பேன். அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்ததென்றும் கேட்பேன்.