உன் நிறத்துக்கு எது எடுக்கும் என்று யார் சொல்வது?



தீபாவளிக்குத் துணி எடுக்க மேலூருக்கோ மதுரைக்கோ போகிறோம். பிள்ளை ஆசையாக மாம்பழ மஞ்சளில் ஒரு தாவணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறது. கடைப்பையன் வாய் திறக்கும் முன்பே பெற்ற தாய் சொல்லிவிடுகிறாள்: "வேணாம்டி, உன் நிறத்துக்கு இது எடுக்காது." பிள்ளை மறுபேச்சில்லாமல் மடித்து வைக்கிறது. கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு மங்கல் நிறம் வீட்டுக்கு வருகிறது. இந்தப் பேச்சை எதிர்க்கத்தான் நான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலர் கேட்பார்கள். குணம் நன்றாக இருந்தால் போதாதா, துணியில் என்ன இருக்கிறது என்பார்கள். துணியில் என்ன இருக்கிறது என்பதை, உடுத்தவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்களிடம் போய்க் கேளுங்கள்.

நம் கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே சிங்கம்புணரி. இன்று சிவகங்கை மாவட்டம். அன்று ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்க சாதியார் எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி ஏறக் கூடாது. சட்டையும் பனியனும் ஆகாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. நகை கூடாது. குடை கூடாது, செருப்பும் கூடாது. பணியாதவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு முழம் பூவைக் கண்டு ஏன் அவ்வளவு ஆத்திரம்? தலைக்குப் பூ வைத்து, தன்னைப் பார்த்துத் தானே பூரித்துப்போகிற ஒருத்தி யாருக்கும் குனிந்து நிற்க மாட்டாள். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அந்தக் கட்டளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் களைந்துவிட்டு முழங்கால் அளவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று ரயிலில் ஏழைகள் சொன்ன பதில் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1931-இல் லண்டனில் அரசரைப் பார்க்கப் போனபோதும் அதே வேட்டிதான். கேலி செய்தவர்கள் உண்டு. அவர் கூசவில்லை.

இரண்டுமே முழங்கால் வேட்டிதான், அய்யா. ஒன்றை ஒருவர் தானே விரும்பிக் கட்டினார். மற்றதை மிரட்டிக் கட்டவைத்தார்கள். துணியின் நீளம் ஒன்று. ஒன்றில் மானம் இருந்தது, மற்றதில் அடிமைத்தனம் இருந்தது. கோட்டும் சூட்டும் டையுமாக நிமிர்ந்து நின்ற அண்ணல் அம்பேத்கரின் உடையும் மானத்தின் பக்கம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். குறைத்துக் கட்டினாலும் கூட்டிப் போட்டாலும் முடிவு உடுத்துகிறவருடையதாக இருக்க வேண்டும்.

இன்றைக்குக் கட்டளை போடுகிறவர்கள் கம்பும் தீப்பந்தமுமாக வருவதில்லை, விளம்பரமாக வருகிறார்கள். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகம் வெளுக்கும் கிரீம் கடைக்கு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் நம் பெண்களுக்குத் தாழ்வு மனப்பான்மையைப் பிதுக்கிப் பிதுக்கி விற்றுவிட்டு, 2020-இல் உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகு குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயர்தான் மாறியது. இந்த நாற்கரச் சாலை ஓரத்துக் கல்யாண ஃபிளெக்ஸ்களைப் பாருங்கள். பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பாக வெளுத்து அச்சடித்திருப்பார்கள். கை மட்டும் சொந்த நிறத்தில் கிடக்கும். வெயிலில் களை எடுத்து, கயிறு திரித்து, உழைத்துக் காய்ந்த அந்தக் கைக்கு அந்த முகம் என்ன உறவு? பெற்றவர்களே காசு கொடுத்துத் தங்கள் மகளின் முகத்தை அழிக்கிறார்களே!

மதுரையில் நம் சாயக்காரர்களுக்கு நிறத்தைப் பற்றிய இந்தக் கூச்சம் இருந்ததே இல்லை. சுங்குடிச் சேலையைப் பாருங்கள். விரல் நுனியில் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அரக்கு, கருநீலம், கிளிப்பச்சை, மஞ்சள் எல்லாம் அடர்த்தியான நிறங்கள். நம் அப்பத்தாக்கள் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் சந்தைக்கும் போனார்கள். எடுக்குமா எடுக்காதா என்று யாரிடமும் கேட்கவில்லை. பவுன் கணக்கில் கடன் வாங்கிப் பகட்டவும் இல்லை. துவைத்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்திய பருத்திச் சேலை. அதிலேயே அவர்களின் கம்பீரம் தெரிந்தது.

உடைக்காகச் சட்டமே போட்டதும் உண்டு. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமமே போகும். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் கண்ணாடி முன் நிற்கும் நம் பிள்ளைக்காக எந்தச் சட்டமன்றமும் கூடிச் சட்டம் போடாது. அவளைத் தடுப்பது கிளப் அல்ல. தாயும் அத்தையும் கல்யாணத் தரகரும்தான். அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன்.

பள்ளிக்கூட ஆசிரியர்களே, ஆண்டு விழாவில் வரவேற்க நிற்கவைக்கும் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகளே, முகத்தை வெளுக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களே, பெண் பார்க்கப் போன வீட்டில் நம் ஆள் ஒருவர் "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று இழுத்தால், அவர் மாமனாக இருந்தாலும் சரி, சித்தப்பனாக இருந்தாலும் சரி, அந்த வீட்டார் முன்னாலேயே அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.